ஈ.சி.ஜி. இருக்கட்டும், அந்த மாத்திரையைப் பற்றிப் பேசுவோம்

உங்களுக்கு இருப்பது உங்கள் சித்திக்கு வந்த நோய் இல்லை. அதன் தொடக்கமும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கக் கடிதத்தில் வாயு, முடி கொட்டுவது, கால் குடைச்சல், தலை கிறுகிறுப்பு என்று பதினேழு தொல்லைகளை எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், அதுவும் எழுத்தைப் பொடியாக்கி, "எனக்கும் அவங்களை மாதிரி புத்தி பேதலிச்சிடுமா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் மீதி நான்கு பக்கமும் என்று எனக்குப் படுகிறது.

காதில் யாரோ பேசுவதாகச் சொன்ன சித்தி, தனக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் என எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலைமை நேர் எதிர். ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயப்படுகிறோம் என்று உங்களுக்கே தெரிகிறது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. இது மனப்பதற்றம். எத்தனை வருடம் இருந்தாலும் இது முற்றி, சித்திக்கு வந்த மனச்சிதைவாக மாறுவதில்லை.

இதயத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் நான்கு ஈ.சி.ஜி.கள் இருக்கின்றன. முதலாவது வெளுத்துப்போய் கோடே தெரியவில்லை. அந்தத் தாள் அப்படித்தான், நாளாக ஆக மங்கிவிடும். மற்ற மூன்றும் சரியாக இருக்கின்றன. ஒன்றில் மட்டும் துடிப்பு நிமிடத்துக்கு 104. பயந்துபோய் ஓடிவந்து படுத்தவருக்கு அவ்வளவு இருக்கத்தான் செய்யும். எக்கோ, ட்ரெட்மில், தைராய்டு, ரத்த அளவு எல்லாம் பார்த்தாகிவிட்டது. அலுவலகத்தில் தினமும் மூன்று மாடி ஏறுகிறீர்கள், நெஞ்சு வலித்ததில்லை. படியேறும்போது நெஞ்சு அழுத்தி, நின்றதும் விடுகிறது என்று எழுதியிருந்தால் இன்றே போய்ப் பாருங்கள் என்றிருப்பேன். உங்களுக்குப் படபடப்பு வருவது உட்கார்ந்திருக்கும்போது. ஐந்தாவது ஈ.சி.ஜி. வேண்டாம்.

கை விரலும் வாயைச் சுற்றியும் சுருசுருவென்று மரத்துப்போவதற்குக் கூகுளில் பக்கவாதம் என்று போட்டிருந்ததாம். இரவு இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து ஃபோனில் நோய் தேடுவதை நிறுத்துங்கள் அம்மா. பதற்றம் வரும்போது உங்களை அறியாமலே வேகவேகமாக மூச்சு வாங்குகிறீர்கள். உடலிலிருந்து கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் தன்மை சற்று மாறி, நரம்புகள் கூச்சம் கொள்கின்றன. மரத்துப்போவதும் கிறுகிறுப்பும் அதனால்தான். மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து வாயால் விடுங்கள். பயம் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும், அரை மணிக்குள் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். இதுவரை ஒவ்வொரு முறையும் இறங்கித்தானே இருக்கிறது?

என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. இரண்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "கூட வேலை பார்க்கிற அக்கா கொடுத்த தூக்க மாத்திரை நல்லா கேக்குது."

அது அல்பிரசோலாம். ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறீர்கள். முதலில் இரவில் மட்டும் 0.25 மில்லிகிராம். இப்போது காலை ஏழு மணிக்கு 0.5, இரவு பத்துக்கு 0.5. நான்கு மடங்கு. சாயங்காலம் நான்கு மணியானால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, "நோய் முத்திடுச்சு போல" என்கிறீர்கள். நோய் முற்றவில்லை. காலையில் போட்ட மாத்திரை அந்நேரத்துக்கு உடலிலிருந்து இறங்கிவிடுகிறது. பழகிப்போன உடல் அடுத்ததைக் கேட்கிறது. இந்த மருந்து மூளைக்குச் சில வாரங்களிலேயே பழகிவிடும். அதனால்தான் அவசரத்துக்குக் கொஞ்ச நாள் மட்டும் எழுதித் தருகிறோம்.

இது அட்டவணை எச்1 மருந்து. 2014 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலும், நோயாளியின் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதாமலும் விற்கவே கூடாது. உங்களுக்குக் கடையில் அட்டை அட்டையாகக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் காலையில் ஸ்கூட்டியில் மகளைப் பள்ளியில் விடுகிறீர்கள். வண்டி ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். வேறு யாராவது கொண்டுபோய் விடட்டும்.

ஆனால் மாத்திரையை இன்றே நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பதிலைப் படித்துவிட்டு அட்டையைக் குப்பையில் வீசுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய ஆபத்தான காரியம். ஐந்து மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். போன மாதம் ஊர்த் திருவிழாவில் இரண்டு நாள் மாத்திரை இல்லாமல், தூக்கமே வராமல், சுவர் அசைவது போலத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது சித்தியின் நோய் எட்டிப் பார்த்ததல்ல. மருந்து விட்டுப்போனதால் வந்தது. இனி அப்படி ஆனாலோ, வலிப்போ குழப்பமோ வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், யோசிக்காதீர்கள்.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அளவைச் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைப்பார்கள். பதற்றத்துக்கு இப்படிப் பழகிப்போகாத மருந்துகள் வேறு இருக்கின்றன. அவை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் வாரத்தில் கேட்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. கூடவே பயத்தை எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் உண்டு. அதில் கற்றுக்கொள்வது மருந்து நின்ற பிறகும் கைகொடுக்கும்.

இன்னொன்று. பதற்றம் வரும்போது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுகிறேன் என்றீர்கள். கணவருக்கும் மாமியாருக்கும் கேட்கக் கூடாதாம். என் ஓ.பி.க்கு வரும் பலரும் இப்படி எங்காவது ஒளிந்துதான் அழுதிருக்கிறார்கள். ஒருவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இன்னொருவர் நிறுத்திய காருக்குள். உள்ளே வந்ததும் "இந்த மாதிரி எனக்கு மட்டும்தான் டாக்டர்" என்பார்கள். வெளியே அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் ஐந்து நிமிடம் முன்பு அதையேதான் சொல்லியிருப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

மாமியாரிடம் இப்போது சொல்ல வேண்டாமென்றால் விடுங்கள். கணவரிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. "எனக்குப் படபடப்பு வரும்போது பக்கத்துல வந்து உட்காருங்க, எதுவும் பேச வேண்டாம்" என்று மட்டும் கேளுங்கள். "ஒண்ணுமில்ல, தைரியமா இரு" என்று அவர் ஆரம்பித்தால், வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுங்கள். நடுராத்திரியில் யாருமே இல்லை என்று தோன்றினால் கூகுளுக்குப் போகாமல் 14416-க்குப் பேசுங்கள். அது 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி சேவை. கட்டணமில்லை, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் என்றைக்காவது வந்தால் அன்றைக்கும் அதே எண்தான், அப்போது ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது அந்த ஈ.சி.ஜி. ஃபைலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். தினம் எத்தனை போடுகிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாமல் உள்ளபடி சொல்லுங்கள்.