சாவி யாரிடம் இருக்கிறது? அரசுப் பள்ளிக்கு உதவ வருகிறவர்களுக்கு ஒரு கேள்வி பதில்

கடலூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பழைய மாணவர்கள் நாலைந்து பேரோடு சனிக்கிழமைகளில் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். ஆய்வகம், செய்து பார்க்கும் பாடம், ஆசிரியருக்கு வெளியாள் எப்படி உதவுவது, பிள்ளைகளை இன்டர்ன்ஷிப் அனுப்புவது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். டிரான்ஸ்பர், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அட்மிஷன் எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

சார், நான் ஐ.டி.யில் இருக்கிறேன். பாகூர்ப் பக்கம் நான் படித்த பள்ளிக்கு நண்பர்கள் சேர்ந்து 40,000 ரூபாய் வைத்திருக்கிறோம். ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாமா?

வேண்டாம் தம்பி. முதலில், அந்தப் பணத்துக்கு நல்ல போர்டு வராது. இரண்டாவது, வந்தாலும் அதன் சாவி யாரிடம் இருக்கும் என்று யோசித்தீர்களா?

நான் ஒரு பள்ளியில் சேர்ந்த வாரம் இயற்பியல் பீரோவைத் திறந்தேன். குழியாடிகள் ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றி, அந்தத் தாள் மஞ்சளாகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஆடியில் ஒரு கீறல் இல்லை. பத்து வருஷமாக ஒரு பிள்ளையின் கையும் அதில் பட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் சோம்பேறி என்று நினைத்தேன். அடுத்த வருஷம் ஆடிட்டில் ஒரு வோல்ட்மீட்டர் குறைகிறது என்று என் சம்பளத்தில் பிடித்தார்கள். ஒரு பையன் கீழே போட்டு உடைத்ததுதான், நான் மறைக்கவும் இல்லை, ஆனால் இருப்புப் பதிவேட்டில் இருப்பது பீரோவில் இருந்தாக வேண்டுமே. அன்றைக்குப் பிறகு நானும் பூட்ட ஆரம்பித்தேன். மூன்று வருஷம் பூட்டியே வைத்திருந்தேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

நீங்கள் தரும் பொருளின் விலை ஏற ஏற அதற்கு விழும் பூட்டும் பெரிதாகும். உடைந்தால் யாரும் யாரையும் கேட்காத பொருளாகக் கொடுங்கள்: பல்பு, ஒயர், பேட்டரி, காந்தம், லென்ஸ், ஸ்ட்ரா, பலூன். 40,000 ரூபாயை ஒரே நாளில் செலவழிக்காமல், மாதம் 2,000 என்று பிரித்தால் இருபது மாதம், அதாவது இரண்டு கல்வியாண்டு ஓடும். அதற்கும் முன்னால் அறிவியல் டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி: "எந்தப் பாடம் நடத்தும்போது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது?" பதில் வந்த பிறகு கடைக்குப் போங்கள்.

நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி வழியாகக் கொடுப்பதா, நேராகத் தலைமையாசிரியரிடம் கொடுப்பதா? ஊர் வில்லியனூர்.

அது அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் தமிழ்நாட்டு அரசின் திட்டம், 2022 டிசம்பரில் தொடங்கியது. உங்கள் ஊர் புதுச்சேரி. எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டினால் வேறு அரசு, வேறு கல்வித்துறை. 2023-24 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கும் மாற ஆரம்பித்துவிட்டன, ஆகவே பாடத்திட்டமும் வேறு. தலைமையாசிரியரைப் பாருங்கள், பள்ளிக் கல்வி இயக்குநரகத்துக்குக் கடிதம் எழுத வேண்டுமா என்று அவரே சொல்வார். கடலூர்க்காரர்கள் புதுச்சேரித் திட்டத்தைக் கேட்பதும் அவர்கள் இவர்கள் திட்டத்தைக் கேட்பதும் வாராவாரம் நடக்கிறது.

நடுநிலைப் பள்ளி ஆசிரியை, தேவனாம்பட்டினம் பக்கம். அரசின் வானவில் மன்றத் திட்டத்தில் வந்து அறிவியல் சோதனைகளை நன்றாகச் செய்து காட்டுகிறார்கள் சார், பிள்ளைகளும் குதிக்கிறார்கள். அவர்கள் போன பிறகு நான் தனி ஆள். பாடமே முடியவில்லை, இதில் செயல்பாடு எப்போது செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன் அம்மா.

பீரியடுக்குள் செய்யாதீர்கள், நாற்பது நிமிஷத்தில் பாதி வருகைப்பதிவிலேயே போய்விடும். காலையில் மணி அடிக்கும் முன் இரண்டு பிள்ளைகள் இரண்டு நிமிஷத்தில் முடிக்கிற மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்க ஓட்டுங்கள். நம் ஊருக்கு என் சிபாரிசு மழைமானி. வடகிழக்குப் பருவமழை, புயல், எல்லாம் நம் வாசலுக்கே வருகிறது. 2011 டிசம்பரில் 'தானே' புயல் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள்தான் இப்போது உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள், ஆனால் வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் தோள்பகுதியை வெட்டித் தலைகீழாக அதன் மேலேயே கவிழ்த்தால் புனல். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எல்லோரும் கோட்டைவிடுவது அடிப்பாகத்தில். அந்த பாட்டிலின் அடி பூ இதழ் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும், அங்கே ஸ்கேல் வைத்தால் கணக்கு தப்பு. கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராகும் உயரம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டு அதைச் சுழி என்று வையுங்கள். மரத்தடியில், கூரை ஓரத்தில் வைக்காதீர்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளவெடுக்கும், நீங்களும் அதே நேரம் எடுங்கள். மறுநாள் செய்தித்தாளில் கடலூர் என்று போட்டிருக்கும் அளவோடு பிள்ளைகளே ஒப்பிடட்டும். ஒத்துப்போகாது, அப்போதுதான் பாடமே ஆரம்பிக்கும். ஏன் ஒத்துப்போகவில்லை?

ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "சார், அண்டாவை வைத்தால் நிறைய மழை பிடிக்கும், டம்ளரை வைத்தால் கொஞ்சம்தானே பிடிக்கும், எது சரியான மழை?" நான் பதில் சொல்லவில்லை. இரண்டையும் வெளியே வைக்கச் சொன்னேன். பக்கம் நேராக இருக்கும் அண்டாவிலும் டம்ளரிலும் ஸ்கேலில் கிட்டத்தட்ட ஒரே உயரம் வந்தது. அவள் மூன்று தடவை அளந்தாள். பிறகு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று சொல்வது சுலபம்: ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். பள்ளி மொட்டைமாடியின் பரப்பைப் பெருக்கினால் எத்தனை லிட்டர் வீணாக ஓடுகிறது என்று வந்துவிடும். கணக்கு டீச்சருக்கும் ஒரு பாடம் மிச்சம்.

பைசா செலவில்லாமல் ஏதாவது சொல்லுங்க சார்.

ஆகஸ்ட் 21, 22 வாக்கில் பகல் 12.15 சுமாருக்கு மைதானத்தில் ஒரு பாட்டிலை நேராக நிற்க வையுங்கள். நிழல் பாட்டிலுக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொள்ளும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்தில் இரண்டு நாள்தான். இன்னொன்று ஏப்ரல் 20, 21 வாக்கில், அப்போது பரீட்சை, விடுமுறை என்று போய்விடும்.

ஸ்மார்ட் கிளாஸ் அமைக்க எந்த கம்பெனி புரொஜெக்டர் நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

பி.எட். இரண்டாம் வருஷம் சார். பயிற்சிக்கு வந்த பள்ளியில் யார் லீவு போட்டாலும் என்னை அனுப்புகிறார்கள். மீதி நேரம் ரிஜிஸ்டர் எழுதுகிறேன். என் பாடத்தை நான் எடுத்தது மொத்தமே நாலு நாள்.

பி.எட். இரண்டு வருஷப் படிப்பானபோது பள்ளிப் பயிற்சியை இருபது வாரமாக நீட்டியதே, நீங்கள் வகுப்பில் நின்று தடுமாறி, கூட ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும் என்பதற்காகத்தான். சண்டை போடாதீர்கள், மதிப்பெண் அவர்கள் கையில். வழிகாட்டி ஆசிரியரிடம் "வாரத்துக்கு ரெண்டு பீரியடாவது நீங்க கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்க மேடம்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டு மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. லீவு வகுப்புக்குப் போனாலும் கையில் ஒரு செயல்பாடு இருக்கட்டும். மழைமானி மேலே இருக்கிறது.

நெல்லிக்குப்பம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்து அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு தொழிற்கல்விப் பிள்ளைகளைப் பத்து நாள் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். சட்டச் சிக்கல் வருமா?

வரும், பார்த்துச் செய்தால் வராது. 14 வயது முடியாத பிள்ளையைப் பட்டறைக்குள் விடவே கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தில் தெளிவாக இருக்கிறது. ஆகவே கிரைண்டிங் வீல், வெல்டிங், ஓடுகிற லேத் எதிலும் கை வைக்கக் கூடாது, தள்ளி நின்று பார்க்கலாம். பள்ளியின் கடிதம், பெற்றோர் ஒப்புதல், காப்பீடு மூன்றும் இல்லாமல் ஒருவரையும் சேர்க்காதீர்கள்.

பின்னே என்ன செய்வார்கள் என்றால், அளக்கட்டும். பள்ளியில் வெர்னியர் காலிப்பரைக் குண்டின் விட்டம் பார்க்க வருஷத்தில் ஒரு நாள் தொடுவார்கள். உங்கள் பட்டறையில் "ஒரு நூல் குறை" என்பீர்கள் இல்லையா, ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு அங்குலம், கிட்டத்தட்ட 3.2 மில்லிமீட்டர், அதை அவர்களே அளந்து கண்டுபிடிக்கட்டும். ஒரே தண்டில் ஐந்து பேர் அளந்தால் ஐந்து அளவு வரும். அது ஏன் என்று உங்கள் மேஸ்திரி சொல்வதை எந்தப் புத்தகமும் சொல்லாது.

(இதே பேச்சில் ஒரு தாய்) என் மகன் போன வருஷம் ஒரு கம்பெனிக்கு இதே மாதிரி போனான். பத்து நாளும் அட்டைப்பெட்டி மடித்தான். சர்டிபிகேட்டில் 'உற்பத்தி மேலாண்மை' என்று போட்டிருக்கிறது. ஒரு பைசா இல்லை.

(மனிதவள மேலாளர் ஒருவர்) மன்னிக்கவும், இன்டர்ன்ஷிப் கற்றல்தான், கூலி கேட்டால் எந்த கம்பெனியும் மாணவரை எடுக்காது. மேற்பார்வைக்கு எங்களுக்குத்தான் செலவு.

கூலி பேச்சு வந்துவிட்டது, சரி, பேசிவிடுவோம். தொழிற்பழகுநர் சட்டம் 1961-இன் கீழ் அப்ரண்டிஸாக எடுத்தால் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும், அதில் விவாதமே இல்லை. பள்ளி அனுப்பும் பத்து நாள் பயிற்சி அந்தக் கணக்கில் வராது. ஆனால் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: நாளைக்கு அந்தப் பையன் வரவில்லையென்றால் உங்கள் ஆர்டர் தாமதமாகுமா? ஆகும் என்றால் அது வேலை, காசு எடுத்து வையுங்கள்.

(அதே மேலாளர்) அப்படியானால் வெறுமனே வேடிக்கை பார்த்துவிட்டுப் போகட்டும் என்கிறீர்களா? பெட்டி மடிப்பதும் ஒரு திறன்தான் சார்.

முதல் நாள் திறன். ஐந்தாம் நாளும் அதே பெட்டி என்றால் யார் கற்றுக்கொண்டார்கள்?

(பட்டறைக்காரர்) நான் சாப்பாடும் பஸ் காசும் தரலாம் என்றிருந்தேன். அதுவும் தப்பா?

தப்பே இல்லை, அதுதான் மரியாதை. பண்ருட்டியிலிருந்து வருகிற பையனுக்கு பஸ் காசுதான் முதல் தடை.

(மேலாளர்) இவ்வளவு நிபந்தனை போட்டால் பெரிய கம்பெனிகள் ஒதுங்கிக்கொள்ளும். நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

இதில் உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கடிதம் மேல் கடிதம் கேட்டு நாங்களே சில நல்ல இடங்களை இழந்திருக்கிறோம். ஆனாலும் அந்த அம்மாவின் பையன் பத்து நாள் கழித்து "கம்பெனின்னா இவ்ளோதானா" என்று வந்து நிற்பதும் நஷ்டம்தான், அது உங்கள் கணக்கில் ஏறாது. ஒரு நாள் தர ஆய்வு, ஒரு நாள் ஸ்டோர், ஒரு நாள் பராமரிப்பு என்று சுற்றி அனுப்புங்கள், கூடவே தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இதற்கு என்ன செலவு? இதற்கான பதிலைத் தனியாக எழுதுங்கள், இங்கே மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

டெட் தேர்வு எப்போது?

…

எங்கள் ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர் பன்னிரண்டு இருக்கிறது, பள்ளிக்குக் கொடுக்கலாமா?

ஓடுகிறதா? ஓடினாலும் அறைக்குச் சாவி யாரிடம்? கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பது? மூன்றுக்கும் பதில் இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் அது நன்கொடை இல்லை, உங்கள் குப்பையைப் பள்ளியில் கொட்டுவது.

புதுச்சேரி பெற்றோர். பை இல்லாத பத்து நாள் என்று தேசியக் கல்விக் கொள்கையில் இருக்கிறதே, எங்கே கூட்டிப்போகலாம்? ஒரு நாளில் ஐந்து இடம் திட்டம் போட்டிருக்கிறோம்.

ஆறு முதல் எட்டு வகுப்புக்கு, தச்சர், குயவர் மாதிரி ஊர்க் கைவினைஞர்களிடம் பழக வேண்டும் என்பதுதான் அதில் இருப்பது. ஐந்து இடம் போனால் பஸ்ஸைத்தான் பார்ப்பார்கள். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம், ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மண்ணைப் பிசைந்திருக்கிறார்கள்? ஒரே இடம், முழு நாள். பொம்மை செய்வதற்கு முன்னால் மண்ணில் கல் பொறுக்கி மிதிக்கிற வேலையில் விடுங்கள். கைவினைஞருக்கு அன்றைய வருமானத்தைக் கொடுத்துவிடுங்கள், பொன்னாடையோடு நிறுத்தாதீர்கள்.

கொரோனாவுக்குப் பிறகு சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன் அண்ணா. இப்போதும் ஏதாவது செய்ய ஆசை. யாரைப் பார்ப்பது?

பள்ளி மேலாண்மைக் குழுவை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு நேராகப் போய் "சாயங்காலம் ஒரு மணி நேரம் வருகிறேன்" என்று தீர்மானத்தில் எழுத வையுங்கள் தங்கச்சி. வாய்ப்பேச்சில் போனால் தலைமையாசிரியர் மாறியதும் உங்களைத் தெரியாது என்பார்கள்.

நன்கொடை தரும்போது பேனர் வைக்கலாமா?

பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து போட்டோ எடுக்காமல் இருந்தால் என்னவோ செய்துகொள்ளுங்கள்.

சார், முதலில் கேட்டவன்தான், பாகூர். இப்போதே டீச்சருக்குப் போன் செய்தேன். லென்ஸ் பல்பு எதுவும் கேட்கவில்லை. லேப் சிங்க்கில் மூன்று வருஷமாகத் தண்ணீர் வரவில்லையாம், அதனால் வேதியியல் சோதனையே செய்வதில்லையாம். பிளம்பர் பிடிக்க முடியுமா என்றார். என்ன செய்ய?

பிளம்பரைப் பிடியுங்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, தலைமையாசிரியரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், கேட் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். லேப் சாவி யாரிடம் என்று அதையும் கேட்டுக்கொண்டு போங்கள்.