ஜீப்பின் ஆக்சில் கியரை வீட்டிலேயே மாற்றினால் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: அமெரிக்காவின் டென்வர் நகரில் ஹெச்1பி விசாவில் பணிபுரிகிறேன். வயது 33, மனைவி வேலைக்குச் செல்லவில்லை. என்னிடம் உள்ள 2014-ம் ஆண்டு ஜீப் ராங்ளர் (ஸ்போர்ட், ஆட்டோமேட்டிக், 3.21 ஆக்சில் விகிதம்), 35 இஞ்ச் டயர் போட்ட பிறகு மலைச்சாலையில் திணறுகிறது. இரண்டு ஆக்சில்களுக்கும் 4.56 கியர் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் பாகங்களுக்கு 1,150, கூலிக்கு 1,250 என மொத்தம் 2,400 டாலர் கேட்கிறார்கள். கூலியை மிச்சப்படுத்த, வீட்டு கராஜில் நானே செய்ய எண்ணுகிறேன். கருவிகளுக்கு ஆகும் செலவை, நண்பர்களின் ஜீப்களுக்கும் தலா 400 டாலருக்குச் செய்துகொடுத்து ஈடுகட்டிவிடலாம். கையில் சேமிப்பு 3,100 டாலர். டயர் வாங்கிய கிரெடிட் கார்டு பாக்கி 1,800 டாலர், வட்டி 24 சதவீதம். ஒர்க்‌ஷாப்பில் 12 மாத வட்டியில்லாக் கடனும் தருகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், உங்கள் தேவை நியாயமானதுதான் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியுடன் வந்த டயரின் விட்டம் ஏறக்குறைய 29.3 இஞ்ச். அதை 35 ஆக்கியதும், 3.21 என்ற விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற, அதை இயக்கும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு; குறையக் குறைய ஏற்றத்தில் இழுவை குறையும்) நடைமுறையில் 2.7 அளவுக்கு இறங்கிவிட்டது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும் என்பதால், 11,000 அடிக்கு மேலே உள்ள ஐசனோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஐ-70 சாலையில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு சக்தி ஏற்கெனவே போயிருக்கும். 4.56 போட்டால், பழைய டயரில் 3.82 இருந்ததற்குச் சமமாகிவிடும். டயர் வாங்கிய அன்றே இந்தச் செலவும் உங்கள் தலையில் ஏறிவிட்டது; கடைக்காரர் அதை பில்லில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இனி, 1,250 டாலர் மிச்சமாகும் என்ற உங்கள் கணக்கைப் பார்ப்போம். இது பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலை அல்ல. நம் ஊர் மெக்கானிக்குகள் கிரவுன், பினியன் என்று சொல்லும் அந்த இரண்டு பற்சக்கரங்களுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஓர் இஞ்ச்சின் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்குதான். அதாவது இரண்டு காகிதங்களின் தடிமன். அதை டயல் கேஜில்தான் அளக்க முடியும். பிறகு பற்களில் மஞ்சள் நிற பேஸ்டைத் தடவிச் சுற்றிப் பார்த்து, தேய்ந்த தடம் பல்லின் நடுவே விழுகிறதா, ஓரத்துக்கு ஒதுங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒதுங்கினால் பினியன் பேரிங்கை மீண்டும் கழற்றி, தகடு போன்ற ஷிம்மை மாற்றி, மறுபடியும் பூட்டி, மறுபடியும் பேஸ்ட் தடவ வேண்டும். பழகிய கைக்கு இரண்டு மூன்று முறையில் சரியாக அமையும். முதல் முறை செய்பவருக்கு எத்தனை முறை என்பதற்குக் கணக்கே இல்லை. பினியனை முறுக்கும்போது நசுங்குவதற்கென்றே வைக்கப்படும் வளையம் ஒன்று உண்டு. அது அளவுக்கு மீறி நசுங்கிவிட்டால் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும்.

டயல் கேஜ், குறைந்த முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச், பேரிங் புல்லர், பிரஸ் ஆகியவற்றுக்கு 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். (உதிரிபாகக் கடைகள் முன்பணம் பெற்றுக்கொண்டு சில கருவிகளை இரவலாகத் தருகின்றன, பினியன் பேரிங் புல்லர் அப்படிக் கிடைப்பது அரிது.) மிச்சம் 650 ஆகிவிட்டது. நான்கு பேர் முயன்றால் ஒருவருக்குப் பிசகும் என்றும், பிசகினால் புதிய கியர் செட், டோயிங், இரண்டாவது கூலி எனச் சுமார் 900 டாலர் போகும் என்றும் கொண்டால், அந்த அபாயத்தின் விலை 225. எஞ்சுவது 425 டாலர். மூன்று வார இறுதிகளில் 35 மணி நேரம் உழைத்தால், மணிக்கு 12 டாலர் கூலி. டென்வர் நகரின் 2025-ம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியமோ 18.81 டாலர். தவறாகப் பொருத்தியதால் கெட்டுப்போன கியருக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாகப் பொருந்தாது. வேலையைக் கற்றுக்கொள்ளும் மகிழ்ச்சிக்காகச் செய்வதென்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அதைப் பொழுதுபோக்குச் செலவில் எழுதுங்கள்.

நண்பர்களிடம் 400 டாலர் வாங்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். ஹெச்1பி விசாவில் இருப்பவருக்கு, அவருக்காக விண்ணப்பித்த நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் ஊதியத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சனிக்கிழமை, சொந்த கராஜ் என்பதெல்லாம் விதிவிலக்கு ஆகாது. கருவியின் விலையை மீட்கப் போய், கிரீன் கார்டு விண்ணப்பத்தில் சிக்கலைத் தேடிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் குறிப்பிடாத ஒரு நடுவழி உண்டு. கடினமான பகுதி கியரை அமைப்பது; நேரத்தைத் தின்னும் பகுதி ஆக்சிலைக் கழற்றுவதும் பூட்டுவதும். பின்னதை நீங்கள் செய்யலாம். ஆக்சிலை மட்டும் தனியே கொண்டு வந்தால் குறைந்த கூலிக்குச் செய்துதரும் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. இதற்கு உறுதியான ஜாக் ஸ்டாண்டுகளும், தூக்கிவிட நண்பர் ஒருவரும், ஒரு பிக்கப் வண்டியும் போதும். பிரேக் காலிப்பர்களைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் பிரேக் ஆயில் குழாயைத் திறக்க வேண்டியிருக்காது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்குங்கள். கூலி 700 ஆகக் குறைந்தாலே 550 டாலர் மிச்சம். கியர் பொருத்தியதற்கான பொறுப்பும் ஒர்க்‌ஷாப்பிடமே இருக்கும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் இரண்டு ஆக்சில்களின் விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால், ஓர் ஆக்சிலை இப்போதும் மற்றதைப் பிறகும் மாற்றலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

ஆனால் எந்த வழியானாலும் இந்த மாதம் வேண்டாம். கார்டு பாக்கிக்கு மாதம் 36 டாலர் வட்டியாகவே போகிறது. அதைவிடக் கவலை தருவது உங்கள் சேமிப்பு. வேலை போனால் ஹெச்1பி விசாதாரருக்குப் பொதுவாகக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். ஒருவர் சம்பளத்தில் நடக்கும் குடும்பத்துக்கு 3,100 டாலர் அந்த 60 நாளுக்கே தாங்காது. முதலில் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள், பிறகு சேமிப்பை மூன்று மாதச் செலவு அளவுக்கு உயர்த்துங்கள், அதன்பின் கியருக்கென்று தனியாக ஒதுக்குங்கள். ‘வட்டியில்லாக் கடன்’ என்ற திட்டத்தின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்: இவற்றில் பலவற்றில், 12-வது மாத முடிவில் சிறு தொகை நின்றாலும், கடன் வாங்கிய நாளிலிருந்து முழு வட்டியையும் சேர்த்து வசூலிப்பார்கள்.

அதுவரை ஏற்றங்களில் கியரைக் கையால் ஒரு படி இறக்கி வைத்து ஓட்டுங்கள். சுகமாக இராது, ஆனால் கியர்பாக்ஸ் சூடேறுவது குறையும். பணம் சேர்ந்ததும் மூன்று ஒர்க்‌ஷாப்களைத் தொலைபேசியில் அழைத்து, ஆக்சிலைத் தனியே கொண்டு வந்தால் கூலி எவ்வளவு, 3.21-ல் வந்த வண்டி என்பதால் கேரியரும் (கிரவுன் சக்கரத்தைத் தாங்கும் பாகம்) மாற்ற வேண்டுமா, அந்த விலை 1,150-க்குள் அடங்குமா, முதல் 500 மைலுக்குப் பின் ஆயில் மாற்றுவது யார் கணக்கில் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.