பொதிக்கதிர் பருவத்தில் அடுத்த வார மழை: மேலுரம் இடலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் நான்கு ஏக்கரில் பி.பி.டி. 5204 ரக நெல் நட்டிருக்கிறேன். கார்த்திகை மூன்றாம் வாரமான இப்போது பயிர் பொதிக்கதிரில், அதாவது கதிர் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் பருவத்தில், நிற்கிறது. தென்கிழக்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகக்கூடும் என்றும், அடுத்த வாரம் டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு என்றும் அறிவிப்பு வந்துள்ளது. கைப்பேசிச் செயலி ஐந்து நாளைக்கும் 80 சதவீதம் காட்டுகிறது. கடைசி மேலுர யூரியாவை மழைக்கு முன்பே இட்டுவிடலாமா? குலைநோய்க்கு எப்போது மருந்து தெளிப்பது?

பதில்: யூரியாவை மழைக்கு முன் இட வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 40,000 லிட்டர் தண்ணீர். ஐந்தாறு சென்டிமீட்டர் ஒரே இரவில் பெய்து வரப்பு வழிந்தால், கரைந்த யூரியா வடிவாய்க்காலுக்குப் போய்ச் சேரும். வழியாமல் வயலிலேயே தங்கினாலும் உங்கள் ரகத்துக்கு அது நன்மையல்ல என்பதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அறிவிப்பைப் பார்ப்போம். செயலியின் 80 சதவீதம் மழை பெய்வதற்கான வாய்ப்பைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு பெய்யும் என்பதைச் சொல்வதில்லை. தூறல் விழுந்தாலும் அந்தக் கணிப்பு சரியானதாகிவிடும். வானிலை மையத்தின் சொற்களுக்கோ அளவு உண்டு. காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால்தான் கனமழை, 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாதவை. ஆகவே உங்கள் வயலில் மிதமான மழை பெய்யும் என எண்ணிக்கொண்டு, கனமழைக்கும் வடிகாலைத் தயாராக வைத்திருப்பதே சரியான கணக்கு. முதல் இரண்டு மூன்று நாள் கணிப்பை நம்பி வேலையைத் திட்டமிடலாம். ஐந்தாம் நாளுக்கு அப்பால் சொல்லப்படுவதைப் போக்கு என்று மட்டும் கொள்ளுங்கள். மாவட்ட அளவிலான வேளாண் வானிலை அறிவுரை செவ்வாயும் வெள்ளியும் வெளியாகிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கணிப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியும்.

தாழ்வுப் பகுதி கரையை நெருங்கும்போது அது உங்களுக்குத் தெற்கே இருக்கிறதா, வடக்கே இருக்கிறதா என்பதே மழையைத் தீர்மானிக்கும். அது இலங்கையை ஒட்டியோ மன்னார் வளைகுடாவை நோக்கியோ சென்றால், கடலின் ஈரத்தைச் சுமந்து கொண்டல் எனும் கீழைக்காற்று டெல்டாவில் வீசும். மழை தங்கிப் பெய்யும். மாறாக வடக்கே ஏறி ஆந்திரக் கரையை நோக்கித் திரும்பினால், உங்கள் பக்கம் வீசுவது நிலத்திலிருந்து வரும் காற்று, வானம் வெளுத்துவிடும். மார்கழி நெருங்கும் நாட்களில் வடக்கிலிருந்து வறண்ட காற்று உள்ளே புகுந்து, தாழ்வுப் பகுதி கடலிலேயே வலுவிழப்பதும் உண்டு. அறிவித்த மழை வராமல் போனதற்காக வானிலை மையத்தைத் திட்டுவோர் இந்த வாடைக்காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

உங்கள் பயிருக்கு மழையைக் காட்டிலும் பெரிய கவலை, மழை விட்டபின் வரும் பனிதான். மேகம் கலைந்ததும் இரவு குளிரும். ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் இலையில் பனி இறங்கி, காலை எட்டு ஒன்பது மணி வரை உலராமல் நிற்கும். இரவு வெப்பநிலை 20 முதல் 25 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், இலையில் நெடுநேர ஈரம் ஆகிய மூன்றும் கூடினால் குலைநோய்ப் பூசணம் பரவ வேறெதுவும் தேவையில்லை. பி.பி.டி. 5204 இந்நோய்க்கு எளிதில் இலக்காகும் ரகம். இந்த நிலையில் யூரியா தரும் தழைச்சத்து மிகுந்து இலை கொழுத்திருந்தால் கதிரின் கழுத்து கருகி, கதிர் முழுவதும் பதராகும். யூரியாவை நிறுத்தச் சொன்னதற்கு இதுவே முதன்மையான காரணம். மழை விட்டபின், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள்; பச்சை குறையவில்லை என்றால் அந்தக் கடைசி யூரியா தேவையே இல்லை.

மருந்தைப் பொறுத்தவரை, இலையில் நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும் ஓரம் பழுப்பாகவும் கண் வடிவில் புள்ளிகள் இப்போதே தென்பட்டால், மழை தொடங்குமுன் கிடைக்கும் முதல் வறண்ட பிற்பகலில் தெளித்துவிடுங்கள். டிரைசைக்ளசோல் 75 சதத் தூளை லிட்டருக்கு 0.6 கிராம் வீதம், ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். அதன்பின் நான்கைந்து மணி நேரமாவது மழை இல்லாதிருக்க வேண்டும். புள்ளிகள் இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம். பொதி பிளந்து ஆங்காங்கே கதிர் தலைகாட்டும் நேரமே கழுத்துக் குலைநோயைத் தடுக்க ஏற்ற தருணம். அது மழைக்குப் பிந்தைய பனி நாட்களோடு பொருந்திவருமானால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பூக்கும் பயிரில் முற்பகலில் தெளிப்பது மகரந்தத்தைக் கெடுக்கும், பிற்பகலே ஏற்றது.

இந்த இரண்டு நாட்களில் செய்ய வேண்டியது வடிகால் வேலை. வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் அகற்றி, வயலில் நிற்கும் நீரை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் குறைத்து, வடிமடையைத் திறந்தே வையுங்கள். முழுவதும் வற்றவிடக் கூடாது. பொதிக்கதிரில் ஈரம் குறைந்தால், வராமல் போகும் மழைக்காகப் பயிரை வாடவிட்டதாக ஆகிவிடும். ‘சப்-1 ரகம் இரண்டு வாரம் மூழ்கினாலும் தாங்கும்’ என்று பக்கத்து வயலில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தாங்குதிறன் தூர்கட்டும் பருவத்துக்கானது, கதிர் உருவான பிறகு அதை நம்ப இயலாது. உங்கள் ரகத்துக்கோ அந்தப் பண்பே கிடையாது.

மழையில் நீர் தேங்கி வடிந்தபின் பயிர் வெளுத்திருந்தால், யூரியாவை மண்ணில் வீசாமல், ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ ஜிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைவழியாக ஒருமுறை கொடுங்கள். குலைநோய்ப் புள்ளி இருக்கும் வயலில் நோய் அடங்கும் வரை இதையும் நிறுத்திவைக்க வேண்டும். பலத்த காற்றில் இலைகள் உரசிக் கிழிந்து, நுனியிலிருந்து ஓரமாக மஞ்சள் கோடுபோல் காய்ந்து வந்தால் அது பாக்டீரியா இலைக்கருகல். அதற்குக் குலைநோய் மருந்து கேட்காது. அவ்வாறு கண்டால் அந்த வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குள் விடாமல் நேராக வாய்க்காலுக்கு வடியுங்கள்.