கசக்கும் வெள்ளரி, முளைக்காத லெட்யூஸ்

கேள்வி: மாடியில் பைகளில் வளர்க்கும் வெள்ளரி நன்றாகக் காய்க்கிறது. ஆனால் சில காய்கள் கசக்கின்றன. வாரம் மூன்று கிலோ வருவதால் சாலட் செய்தும் தீரவில்லை. என்ன செய்யலாம்? - வாசகி, மதுரை

பதில்: கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள். வெயிலில் மண் காய்ந்து செடி வாடி, மறுபடி தண்ணீர் கண்டால் காயில் இது கூடும். கோடையில் மாடிப்பை மதியத்துக்குள் காய்ந்துவிடும். காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றி, மண்மேல் இரண்டு அங்குலத்துக்குச் சருகு பரப்புங்கள். விரலை ஒரு கணு நுழைத்தால் ஈரம் தட்ட வேண்டும்.

காம்புப் பக்கமும் தோலை ஒட்டிய சதையும்தான் அதிகம் கசக்கும். நுனியை வெட்டித் தேய்ப்பதைவிட, காம்புப் பக்கம் ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்து தோலைத் தடிமனாகச் சீவுவதே பலன் தரும். அப்படியும் கடுமையாகக் கசக்கும் காயைத் தயவுசெய்து குழம்பிலும் போடாதீர்கள். வேகவைத்தாலும் கசப்பு போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம்.

மிஞ்சியதில் மோர் வற்றல் போடுங்கள். ஒரு கிலோ பிஞ்சுக் காயை நீளவாக்கில் பிளந்து, விதையை வழித்து, அரை அங்குலத் துண்டாக நறுக்குங்கள். மூன்று தேக்கரண்டி கல்லுப்பு பிசறி ஒரு மணி நேரம் கழித்துப் பிழியுங்கள். இதைத் தவறவிட்டால் துண்டுகள் நசநசத்துத் துணியோடு ஒட்டிக்கொள்ளும். கால் லிட்டர் புளித்த கெட்டித் தயிரைத் தண்ணீர் விடாமல் கடைந்து, துண்டுகளை இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் துணியில் பரப்பி வெயிலில் வைத்து, மாலையில் அதே மோரில் போடுங்கள். தினமும் இப்படியே செய்து, மோர் வற்றியதும் வெயிலில் மட்டும் காயட்டும். ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் டப்பாவில் பூஞ்சணம் பிடிக்கும். மேகமூட்டமான வாரத்தில் தொடங்கவே வேண்டாம்.

கொடியில் ஒரு காய் முற்றி மஞ்சளானாலும் புதுப் பிஞ்சு குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். தவறிப்போய் முற்றியதைச் சாம்பாரில் போடலாம்.

கேள்வி: சாலட்டில் போடும் லெட்யூஸ் கீரையின் விதை முளைப்பதே இல்லை. விதை கெட்டதா? - வாசகர், சென்னை

பதில்: பெரும்பாலும் சூடுதான் காரணம். மண் 30 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்களின் விதை உறங்கிவிடும். ஈர டிஷ்யூ தாளில் விதையைத் தூவி, டப்பாவில் மூடி, மூன்று நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் பிறகு விதையுங்கள். வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும் விதை இது, ஆழப் புதைக்காதீர்கள். மேலே மெல்லத் தூவிய மண் போதும். சென்னைக்கு டிசம்பர் விதைப்பே நல்லது. முட்டைக்கோஸ் போலத் தலை கட்டும் ரகத்தை விட்டு, இலை ரகத்தை வாங்குங்கள். வெளி இலைகளை மட்டும் கிள்ளி வந்தால் பல வாரம் கிடைக்கும். நடுத்தண்டு எழும்பினால் இலை கசக்கத் தொடங்கும். அன்றே செடியைப் பிடுங்கி, பாசிப்பருப்போடு கூட்டாக்கிவிடுங்கள்.