கேமரா படங்களை வைத்தே ரோபோ தான் வந்த வழியை எப்படிக் கணக்கிடுகிறது?

இதற்கு விஷுவல் ஓடோமெட்ரி என்று பெயர். அடுத்தடுத்த படங்களில் அதே கல், அதே மூலை எவ்வளவு இடம் மாறியது என்று பார்த்து, கேமரா எவ்வளவு நகர்ந்தது, திரும்பியது என்று கண்டுபிடிப்பது. ரயில் ஜன்னலில் பக்கத்து மரம் சட்டென்று பின்னால் ஓடும், தூரத்து மலை மெதுவாக நகரும் அல்லவா? அதே கணக்குதான்.

சரி, சக்கரம் சுற்றியதை எண்ணினால் போதாதா? மணலில் போதாது. சக்கரம் சுற்றும், வண்டி அங்கேயே நிற்கும். 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகள் வழுக்கும் சரிவுகளில் இரட்டைக் கேமரா படங்களை ஒப்பிட்டுத்தான் உண்மையில் நகர்ந்த தூரத்தை அறிந்தன. ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்துக் கூழாங்கல்லும் தூரத்துப் பாறையும் ஒரே அளவாகத் தெரியலாம், அதனால்தான் இரண்டு.

பலர் இதை ஜிபிஎஸ் மாதிரி நினைக்கிறார்கள்; இது புறப்பட்ட இடத்திலிருந்து வந்த வழியை மட்டுமே சொல்லும், போகப் போகச் சிறு பிழைகளும் சேர்ந்துகொண்டே வரும்.