நச்சில்லாத க்ளீனர்களுக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? உண்மையிலேயே வீடு சுத்தமாகிறதா?

வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது, இப்போது பயன்படுத்தும் க்ளீனர்களை விட்டுவிட்டு ஆபத்தில்லாதவற்றுக்கு மாறலாமா, மாறினால் கிருமி போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் மாறி ஆறு வருடம் ஆகிறது. பாதி உருப்படியாக நடந்தது, பாதியில் அசடு வழிந்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

மனைவி வெளியூர் போயிருந்த ஒரு வாரம், டாய்லெட் கழுவும் வேலை என் தலையில் விழுந்தது. ஆசிட் க்ளீனரை ஊற்றினேன், மஞ்சள் கறை அசையவில்லை. பக்கத்தில் ப்ளீச் பாட்டில் இருந்தது. அதையும் ஊற்றினால் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று நினைத்தேன். ஜன்னல் வேறு சாத்தியிருந்தது. சில நொடிகளில் கண் எரிந்து, தொண்டை இறுகி, மூச்சை இழுக்க முடியாமல் வெளியே ஓடிவந்தேன். ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதன்மேல் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் முதல் உலகப் போரில் ஆயுதமாகத் திறந்துவிட்ட அதே வாயுவை நான் குளியலறையில் சொந்தச் செலவில் தயாரித்திருக்கிறேன். இருமல் இரண்டு நாள் போகவில்லை.

மனைவி திரும்பி வந்ததும் பெருமையாகக் கதை சொன்னேன். "நீங்க ஒரு நாள் இருமறீங்க. நான் வாரா வாரம் இருமறேன்" என்றாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பாத்ரூம் கழுவும் நாளில் அவளுக்கு இழுப்பு வருவதை நான் அதுவரை எதனோடும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. 6,235 பேரைச் சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். வீட்டிலோ வேலையாகவோ சுத்தம் செய்துவந்த பெண்களுக்கு, அப்படிச் செய்யாத பெண்களைவிட நுரையீரலின் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை. அந்த ஆய்வில் சுத்தம் செய்த ஆண்களே மிகக் குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். என் வீட்டுக் கதையும் ஏறக்குறைய அதுதானே.

சரி, எங்கே தொடங்குவது? இலை படம் போட்ட பச்சை பாட்டிலைத் தேடிக் கிளம்பாதீர்கள். முதலில் சிலவற்றை நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது, ஸ்ப்ரேக்களையும் ரூம் ஃப்ரெஷ்னரையும் நிறுத்தியதுதான். எதைத் துடைத்தாலும் நேரடியாகத் தெளிக்காமல், துணியில் ஊற்றித் துடைக்க ஆரம்பித்தோம். ஸ்ப்ரே அடிக்கும்போது நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன, நேரே நெஞ்சுக்குள் போகின்றன. அதே திரவம் ஈரத்துணியில் இருந்தால் அந்த அளவுக்குப் பறக்காது. ஒரு பைசா செலவில்லாத மாற்றம் இது. மனைவியின் இழுப்பு குறைந்ததும் இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்து வாசனை. லேபிளில் 'வாசனைப் பொருள்' என்று ஒற்றைச் சொல் இருக்கும், அதற்குப் பின்னால் பல பொருட்கள் ஒளிந்திருக்கலாம். இயற்கை வாசனை என்றால் பரவாயில்லை என்று நானும் நம்பினேன். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை தரும் லிமோனீன் என்ற பொருள் காற்றில் உள்ள ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். பழத்தோலிலிருந்து எடுத்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் லிமோனீன் ஒன்றுதான். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ போன்ற நறுமண எண்ணெய்கள் பக்கமே போகாதீர்கள். அவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. சுத்தமான வீட்டுக்கு வாசனையே இருக்காது. அதற்குப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

இனி அசடு வழிந்த பகுதி. முதல் வருடம் எல்லாவற்றுக்கும் வினிகரும் சமையல் சோடாவும்தான். இரண்டையும் கலந்தால் புஸ்ஸென்று நுரை பொங்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் நிற்பது தண்ணீரும் சோடியம் அசிட்டேட் என்ற உப்பும். பொங்கியது கார்பன் டை ஆக்சைடு. அதாவது இரண்டு நல்ல பொருட்களைக் கொட்டி உப்புத் தண்ணீர் செய்து, அதைக் கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் பாதி வீடியோக்களில் இந்தக் கலவைதான் அதிசயம் என்று ஓடுகிறது.

பிறகு வினிகரைப் பளிங்கு மேடையில் தெளித்துத் துடைத்தேன். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட், அமிலம் அதைக் கரைக்கும். மங்கலான புள்ளிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன, விருந்தாளி வந்தால் அதன்மேல் ஒரு தட்டை வைத்து மறைக்கிறோம். அடுத்த தடவை, அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கியின் வலையைக் கழற்றிச் சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டேன். பிசுக்கு போனது என்னவோ நிஜம். வலை அலுமினியம் என்பதை நான் பார்க்கவில்லை, கருத்துப்போய் வெளியே வந்தது.

இந்த அடிகளிலிருந்து கற்றதைச் சொன்னால் உங்களுக்கு முக்கால்வாசி வேலை முடிந்தது. எந்த அழுக்கு என்று முதலில் பாருங்கள். குழாய், ஷவர், கெட்டில் இவற்றில் படியும் வெள்ளை உப்புக்கறை தாது, அதற்கு அமிலம் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரமும் சோப்பும் வேண்டும். பிசுக்கில் வினிகரை ஊற்றித் தேய்த்தால் கை வலிக்கும், அவ்வளவுதான். உப்புக்கறையில் சமையல் சோடாவும் அப்படியே.

நாங்கள் இப்போது வைத்திருப்பவை: வாசனை சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம், சிட்ரிக் அமிலத் தூள், சமையல் சோடா, சலவை சோடா. கெட்டிலுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து அரை மணி நேரம் விட்டால் உப்பு தானாக உரிந்து வரும். வினிகர் அளவுக்கு நாற்றமும் கிடையாது. அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி ஊறவிடுவோம். தரை, மேடை, கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஒரு வாளி நீரில் சில துளி பாத்திரத் திரவம் போதும். நுரை பொங்கினால் அதிகம் ஊற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். சலவை சோடா கை பட்டால் எரியும், கையுறை அவசியம், குழந்தைக்கு எட்டவும் கூடாது. நச்சில்லாதது என்ற பெயரைக் கேட்டுவிட்டு இந்தத் தூள்களைக் கீழ்த்தட்டில் வைத்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே துணி சோப்பு தயாரிக்கும் முயற்சியும் செய்தோம். எங்களுடையது கடின நீர். சோப்பு, அந்த நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத படிவமாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். துண்டுகள் அப்பளம் மாதிரி விறைத்தன. விட்டுவிட்டோம்.

பழத்தோல் என்சைம் பற்றியும் யாராவது சொல்வார்கள். சர்க்கரை 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம் புளிக்க வேண்டும். செய்தோம். மூடியை அவ்வப்போது திறந்து வாயுவை வெளியேற்ற மறந்ததால் ஒரு நள்ளிரவில் மூடி தெறித்துக் கூரையில் அடித்தது. கிடைத்த திரவம் வேலை செய்கிறது, பெரும்பாலும் அதில் உருவான அசிட்டிக் அமிலத்தால்தான். அதாவது வீட்டு வினிகர். பொழுதுபோக்குக்கு நல்லது. ஆனால் அதை ஆற்றில் ஊற்றினால் ஆறு சுத்தமாகும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். புளித்த சர்க்கரையும் தோலும் நீரில் சிதையும்போது மீன்களுக்கான ஆக்சிஜனைத்தான் தின்னும்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, கிருமி. அன்றாடம் சோப்பும் தண்ணீரும் நன்றாகத் தேய்த்த துணியுமே போதும். சோப்பு பல வைரஸ்களின் கொழுப்பு உறையை உடைக்கும், மற்றதை வழித்துக் கொண்டுபோகும். 'பாக்டீரியாவை ஒழிக்கும்' என்று விற்ற சோப்புகள் சாதாரண சோப்பைவிட மேலானவை என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லி, அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-ல் டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி உட்பட 19 பொருட்களை அத்தகைய சோப்புகளில் தடை செய்தது. வினிகரையோ சமையல் சோடாவையோ கிருமிநாசினியாக நினைக்காதீர்கள், நம்பத்தக்க அளவுக்கு அவை கொல்வதில்லை. கிருமிநாசினி தேவைப்படும் இடத்தில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்துகிறோம். வேலை முடிந்ததும் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, பிறகு தடவி, லேபிளில் சொன்ன நேரம் ஈரமாகவே விட வேண்டும். உடனே துடைத்தால் வீண். வினிகரோடு ஒரே பாட்டிலில் கலந்துவிடாதீர்கள், பெரசிட்டிக் அமிலம் உருவாகும், அது நுரையீரலை அரிக்கும்.

ஒரு சின்ன ப்ளீச் பாட்டில் இன்னும் எங்கள் வீட்டில் உண்டு, உயரமான தட்டில், வேறு எதுவும் பக்கத்தில் இல்லாமல். வீட்டில் யாருக்காவது நோரோவைரஸ் மாதிரி வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அதற்கு இதுதான் சரியான ஆயுதம். கொழுப்பு உறை இல்லாத அந்த வைரஸ் ஆல்கஹாலுக்கும் சுலபத்தில் அசையாது. ஜன்னலைத் திறந்து, லேபிளில் உள்ள அளவுப்படி நீர் சேர்த்து, தனியாக. வருடத்துக்கு ஓரிரு முறை. இதைச் சொன்னால் சிலர் 'நீங்கள் முழுசாக மாறவில்லையே' என்பார்கள். ஆமாம், மாறவில்லை.

பூமிக்கு என்ன பயன் என்பதிலும் நிதானம் வேண்டும். 1950-களில் வந்த டிடெர்ஜென்ட்களைப் பாக்டீரியாக்களால் சிதைக்க முடியவில்லை, ஆறுகளில் நுரை மலையாக மிதந்தது. 1960-களில் மூலக்கூறின் வடிவத்தை மாற்றி எளிதில் சிதையும் வகைக்கு வந்தார்கள், நுரை அடங்கியது. பாசியைப் பெருக்கி நீர்நிலையை மூச்சுத் திணறவைக்கும் பாஸ்பேட்டை, ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுத் துணி டிடெர்ஜென்ட்களில் 2013-லிருந்து கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பெரிய மாற்றங்கள் தொழிற்சாலையிலும் சட்டத்திலும் நடந்தவை. நம் பங்கு என்று பார்த்தால் குறைவாக ஊற்றுவதுதான். வாங்கியே ஆக வேண்டுமென்றால் 'நேச்சுரல்', 'எக்கோ' என்ற சொற்களை விட்டுவிட்டு, 1978-ல் ஜெர்மனியில் தொடங்கிய ப்ளூ ஏஞ்சல், ஐரோப்பாவின் ஈகோலேபல், அமெரிக்காவின் சேஃபர் சாய்ஸ் மாதிரி வெளியார் சோதித்துத் தரும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, கையிலிருக்கும் பழைய பாட்டில்கள். உற்சாகத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் சிங்க்கில் கவிழ்த்துவிடாதீர்கள், குழாய்க்குள்ளேயே ஒன்றோடொன்று கலந்து என் குளியலறைக் கதை உங்கள் சமையலறையில் நடக்கும். நாங்கள் ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறந்தோம். கடைசி பாட்டில் காலியாக எட்டு மாதம் ஆனது.