அமெரிக்க பாப் பேண்ட் ஜோனாஸ் பிரதர்ஸ் 2013-ல் பிரிந்தார்கள். 2019-ல் சேர்ந்ததும் 'சக்கர்' பாட்டு நேராக அமெரிக்க நம்பர் 1 ஆனது எப்படி? பழைய ரசிகர்கள்தான் காரணமா?

பழைய ரசிகர்களும் ஒரு காரணம். ஆனால் அவர்களால் மட்டும் அது நடந்திருக்காது. டிஸ்னி சேனல் புண்ணியத்தில் கெவின், ஜோ, நிக் என்ற இந்த மூன்று அண்ணன் தம்பிகளும் எங்கே போனாலும் கூட்டம் கூடிய காலத்திலேயே நம்பர் 1 கிடைக்கவில்லை. 2008-ல் 'பர்னின் அப்' பிடித்த 5-ஆம் இடம்தான் அன்றைக்கு உச்சம். 2009 ஆல்பத்துக்குப் பிறகு ஒதுங்கியிருந்துவிட்டு 2013 ஏப்ரலில் 'பாம் பாம்ஸ்' என்று ஒரு பாட்டோடு வந்தார்கள். அதுவும் மறுவருகைதான், ஏங்கிக் கிடந்த ரசிகர்களும் அதே ஆட்கள்தான். அமெரிக்காவின் முக்கியப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-ல் அது முதல் 50-க்குள்ளேயே நுழையவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், சுற்றுப்பயணம் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது மொத்தத்தையும் ரத்து செய்தார்கள். அக்டோபர் 29 அன்று பேண்ட் கலைந்தது.

ஆகவே கேட்க வேண்டியது 2013-க்கும் 2019-க்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான்.

முதலில் மாறியது ரேடியோ. அமெரிக்காவில் பாப் ரேடியோ நிலையங்களில் எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் டிஸ்னி பிள்ளைகளை ஒரு தனி டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தார்கள். சி.டி. விற்கும், அரங்கம் நிறையும், ஆனால் ரேடியோவில் அவ்வளவாக ஓடாது. பிரிந்த பிறகு நிக் 2014-ல் 'ஜெலஸ்' கொடுத்தார், அது 7-ஆம் இடம் வரை போனது. ஜோ, டிஎன்சிஇ என்ற பேண்டைத் தொடங்கி 2015-ல் விட்ட 'கேக் பை தி ஓஷன்' 9-ஆம் இடத்தைத் தொட்டது. இரண்டும் ரேடியோவில் தேயத் தேய ஓடியவை, கேட்டவர்களும் பெரியவர்கள். பிரிந்திருந்த காலத்தில் இருவருமே தனித்தனியாக ரேடியோ கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். 2019-ல் திரும்பி வந்தது ஒரு பழைய டிஸ்னி பேண்ட் மட்டுமல்ல, ஏற்கெனவே ஹிட் கொடுத்த இரண்டு பாடகர்களும்கூட. என் கணக்கில் இதுதான் முதல் காரணம். பலரும் இதை விட்டுவிட்டு நேராக 'ஏக்கம்' என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம், பாட்டு. பழைய ஜோனாஸ் பாட்டுகளில் எலெக்ட்ரிக் கிட்டார் முன்னால் நிற்கும், பாப்-ராக் அடி. 'சக்கர்' அப்படி இல்லை. நிக், ஜோ இருவரோடு எழுதியவர்கள் பட்டியலைப் பார்த்தாலே நோக்கம் தெரிந்துவிடும். ஒன்ரிபப்ளிக் பேண்டின் ரயான் டெடர், பியான்சேவின் 'ஹேலோ'வில் பங்கு உள்ளவர். போஸ்ட் மலோன் பாட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் லூயிஸ் பெல். கமிலா கபேயோவின் 'ஹவானா'வைத் தயாரித்த ஃபிராங்க் டியூக்ஸ். டேப்-கிங்ஸ் பேண்டின் டிரம்மர் ஹோமர் ஸ்டைன்வைஸ், ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் வாசித்தவர். டொரொண்டோவைச் சேர்ந்த கவிஞர் முஸ்தஃபா. தயாரிப்பு டெடரும் டியூக்ஸும். 2006 ஆல்பத்தின் வாடையே அடிக்கக் கூடாது என்று முடிவு செய்தவர்கள் சேர்க்கும் கூட்டணி இது.

மொத்தம் 3 நிமிடம் 1 நொடி. வேகம் நிமிடத்துக்கு 138 தட்டு, அதாவது நாலு தட்டு கொண்ட ஒரு சுற்று 1.74 நொடியில் முடிந்துவிடும். அவ்வளவு வேகம் இருந்தும் பாட்டு மூச்சு வாங்குவதில்லை, ஏனென்றால் வாத்தியங்களைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். பல்லவிக்கு முந்தைய வரிகளில் சொற்கள் நெருக்கியடித்து ஓடும்போது பின்னால் பெரிதாக ஒன்றும் குறுக்கிடாது. பல்லவி வந்ததும் குரல் மேலே ஏறுகிறது. முதல் சரணம் நிக், இரண்டாவது ஜோ. தெரிந்த இரண்டு குரலும் முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் காதில் விழுந்துவிடும். கெவின் பெரும்பாலும் கிட்டாரோடு சரி.

மூன்றாவது, வெளியிட்ட விதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலருக்குக் குழப்பம் இங்கேதான். மீண்டும் சேர்கிறோம் என்று அறிவித்தது 2019 பிப்ரவரி 28. பாட்டும் வீடியோவும் சேர்ந்து வந்தது மறுநாள், மார்ச் 1, வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரே நாள். ஹாட் 100 மூன்று கணக்குகளைக் கூட்டிப் போடும் பட்டியல்: விற்பனை, ஸ்ட்ரீமிங், ரேடியோ. முதல் இரண்டுக்கும் வாரம் என்பது வெள்ளி முதல் வியாழன் வரை. ஆக மார்ச் 1 முதல் 7 வரை ஏழு நாளும் முழுசாக அவர்களுக்குக் கிடைத்தது. அன்றைய விதிப்படி ரேடியோவுக்கு மட்டும் திங்கள் முதல் ஞாயிறு, அதாவது மார்ச் 4 முதல் 10 வரை. புதுப்பாட்டு ரேடியோவில் சூடு பிடிக்க மூன்று நாள் கூடுதல் அவகாசம். எல்லாம் கூடி மார்ச் 16 தேதியிட்ட பட்டியலில் நேராக 1. இதே பாட்டைச் செவ்வாய்க்கிழமை விட்டிருந்தால் விற்பனை, ஸ்ட்ரீமிங் கணக்கில் முதல் வாரம் மூன்று நாள்தான் சேர்ந்திருக்கும், ரசிகர்களின் முதல் வேகம் இரண்டு பட்டியலாக உடைந்திருக்கும்.

ஸ்ட்ரீமிங்கிலும் எல்லாம் ஒரே விலை இல்லை. 2018 நடுவில் வந்து அப்போது நடப்பில் இருந்த விதிப்படி காசு கட்டிக் கேட்பவரின் ஒரு பிளே ஒரு புள்ளி, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் மூன்றில் இரண்டு பங்குதான். அதோடு இது அமெரிக்கக் கணக்கு. இந்தியாவில் நாம் எத்தனை தடவை யூடியூபில் ஓட்டினாலும் ஹாட் 100 நகராது. "பிரியங்கா சோப்ராவின் இந்திய ரசிகர்கள் பார்த்துப் பார்த்துத்தான் நம்பர் 1 ஆச்சு" என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப்படி வாய்ப்பில்லை.

ஆனால் அந்த வீடியோவுக்குப் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. ஆண்டனி மேண்ட்லர் இயக்கியது, இங்கிலாந்தின் ஹேட்ஃபீல்ட் ஹவுஸ் மாளிகையில் எடுத்தது. கெவினின் மனைவி டேனியெல், நிக்கின் மனைவி பிரியங்கா, அப்போது ஜோவுக்கு நிச்சயமாகியிருந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நடிகை சோஃபி டர்னர் மூவரும் அதில் சும்மா வந்து போகவில்லை, கிட்டத்தட்ட அவர்கள்தான் நாயகிகள். (பிரியங்கா நடிக்க வந்ததே நம்ம ஊர் 'தமிழன்' படத்தில், 2002-ல்; இசையமைப்பாளர் இமானுக்கும் அதுதான் முதல் படம்.) பாய் பேண்ட் தொழிலில் காதலியை மறைத்து வைப்பதுதான் காலகாலமான வழக்கம், ரசிகையின் கனவு கலையக் கூடாது என்று. இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். நிக்-பிரியங்காவின் ஜோத்பூர் கல்யாணம் முடிந்து மூன்றே மாதம், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசன் வர ஒன்றரை மாதம். பாட்டைப் பற்றி எழுத விரும்பாத பத்திரிகைகூட அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியது.

முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். அடுத்த வாரமே அரியானா கிராண்டேயின் '7 ரிங்ஸ்' இடத்தைத் திரும்பப் பிடித்தது. ஏப்ரலில் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோடு' ஏறி 19 வாரம் உட்கார்ந்துகொண்டது. கிராமியில் 'சக்கர்' பரிந்துரையான பிரிவிலும் அதுவே வென்றது. அந்த வகையில் மார்ச் முதல் வாரம் நல்ல இடைவெளி, ஒரு மாதம் தள்ளியிருந்தால் கஷ்டம்தான். ஆனாலும் பாட்டு மாதக்கணக்கில் முதல் பத்தில் நின்றது. ரசிகர் வேகம் இரண்டாம் வாரத்தில் சரியும்போது ரேடியோ அதைத் தூக்கிப் பிடித்தது. வெறும் ஏக்கத்தில் ஏறிய பாட்டு இரண்டாம் வாரத்தில் பொத்தென்று விழும்.

இதேபோல் பிரிந்து சேர்ந்த பாய் பேண்டான பிரிட்டனின் டேக் தட் வேறு வழியில் போனார்கள். 1996-ல் கலைந்தவர்கள், 2005 நவம்பரில் ஆவணப்படம், கூடவே தொகுப்பு ஆல்பம், 2006-ல் சுற்றுப்பயணம், அரங்கம் நிறைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நவம்பரில் 'பேஷன்ஸ்' பாட்டு. நாலு வாரம் அங்கே நம்பர் 1, 2007-ல் பிரிட் விருது. ஜோனாஸ் வரிசை அப்படியே எதிர்: மார்ச்சில் பாட்டு, ஜூன் 4-ல் ஆவணப்படம், ஜூன் 7-ல் ஆல்பம், ஆகஸ்டில் சுற்றுப்பயணம். டேக் தட்டிடம் அப்போது பழைய உறுப்பினர் ராபி வில்லியம்ஸ் இல்லை, மற்றவர்களின் தனிப்பாட்டு வாழ்க்கையும் எப்போதோ ஓய்ந்திருந்தது. அதனால் முதலில் கூட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஜோனாஸுக்கு அந்தச் சோதனை தேவைப்படவில்லை.

சறுக்கியவர்களும் உண்டு. அமெரிக்க பாய் பேண்ட் என்சிங்க் 2023-ல் இருபது ஆண்டுக்கு மேல் கழித்து 'பெட்டர் பிளேஸ்' கொடுத்தார்கள், அமெரிக்காவில் முதல் இருபதுக்குள் வரவில்லை. அது ஒரு கார்ட்டூன் படத்துக்கான பாட்டு, பின்னாலேயே ஆல்பமும் இல்லை, சுற்றுப்பயணமும் இல்லை. அயர்லாந்து பாய் பேண்ட் வெஸ்ட்லைஃப் 2019 ஜனவரியில் 'ஹலோ மை லவ்' விட்டார்கள், பாடகர் எட் ஷீரன் சேர்ந்து எழுதியது. கேட்டால் எட் ஷீரன் பாட்டு மாதிரியே இருக்கும், பிரிட்டனில் முதல் பத்துக்குள் வரவில்லை. ஆனால் அந்த ஆண்டு அவர்கள் ஆல்பம் அங்கே நம்பர் 1. அவர்கள் ரசிகர்கள் ஆல்பமும் டிக்கெட்டும் வாங்குகிறவர்கள், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஸ்ட்ரீம் செய்கிறவர்கள் இல்லை. அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் 'பர்னின் அப்', 'பாம் பாம்ஸ்', 'ஜெலஸ்', 'கேக் பை தி ஓஷன்', 'சக்கர்' என்ற வரிசையில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கிட்டார் எந்தப் பாட்டில் பின்னால் போகிறது, பேஸ் எதில் முன்னால் வருகிறது, நிக்கின் மேல்குரல் எங்கே முதலில் வேலை செய்கிறது என்று கவனித்தால் போதும். 'சக்கர்' எந்த இரண்டு பாட்டுக்குப் பிறந்த பிள்ளை என்று காதே சொல்லிவிடும்.